பாடச் சொல்கிறீர்கள், இயற்றவும் சொல்லுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் காரைக்காலிலும் சங்கீத சபாக்களையும் கோயில் இசைவிழாக்களையும் நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அவர்களை உங்கள் மேடைகளில் பாட வைத்திருக்கிறீர்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள், சென்னையிலிருந்து வரும் வித்வான்களிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்திருக்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு புதிய உருப்படியை, அதாவது புதிதாக இயற்றிய ஒரு பாட்டை, ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்குங்கள். சன்மானம் பேசிக் கேளுங்கள். அதை உங்கள் விழாவில் பாட வையுங்கள். அடுத்த ஆண்டும் பாட வையுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

திருவாரூரில் பஸ் ஏறி மயிலாடுதுறை வழியாகச் சீர்காழியில் போய் இறங்குகிற ஒருவர், வழியில் சொல்லும் மெட்டும் சேர்த்துப் பாட்டு இயற்றிய எத்தனை வாக்கேயக்காரர்களின் மண்ணைக் கடக்கிறார்! ஏறும் இடமே தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். மயிலாடுதுறை முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் ஊர். பக்கத்திலேயே ஆனந்ததாண்டவபுரம், கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்த இடம். சீர்காழியில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும். மேற்கே திரும்பினால் ஊத்துக்காடு, மெலட்டூர், வரகூர், திருவையாறு. பாபநாசம் சிவன் பிறந்த போலகமும் நம் டெல்டாதான். இப்படி ஊருக்கு ஊர் இசை இயற்றியவர்கள் வாழ்ந்த நிலம் அபூர்வம். நான் சொன்ன அத்தனை பேரும் ஆண்கள். இந்தப் பட்டியலை யார் சொன்னாலும் அப்படித்தான் வரும், அது நமக்கு உறுத்துவதும் இல்லை. எனக்கு இப்போது உறுத்துகிறது. உறுத்த வைத்தது வெளிநாட்டு இசை.

வெளியூர், வெளிநாடு என்று போன மாணவிகள் எதையாவது கேட்கச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி வகுப்பு முடிந்து, அடுப்படி வேலையும் முடிந்த பிறகு இயர்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஆரம்பத்தில் மேற்கத்திய சாஸ்திரீய இசை எனக்குப் பிடிபடவில்லை. கமகம் என்ற அசைவு இல்லாத சுரங்களுக்குக் காது பழக நாளாயிற்று. அப்புறம் ஒரு நாள் சோபியா குபைதுலினாவின் வயலின் கான்செர்ட்டோ, அதாவது வயலினை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு, வந்தது. பெயர் 'ஆஃபர்டோரியம்', காணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குபைதுலினா 1931-இல் ரஷ்யாவின் தாதர்ஸ்தானில் பிறந்தவர். 2025 மார்ச்சில் ஜெர்மனியில் தன் 93-ஆவது வயதில் காலமானார். மாணவியாக இருந்தபோது அவருடைய போக்கு ஆசிரியர்களுக்கு ஒத்துவரவில்லை. பெரிய இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச் மட்டும், உன்னுடைய அந்தத் தப்பான வழியிலேயே தொடர்ந்து போ என்று வாழ்த்தி அனுப்பினார். 1979-இல் சோவியத் இசையமைப்பாளர் சங்கத்தின் தலைவர் பெயர் சொல்லிக் கண்டித்த ஏழு பேரில் இவரும் ஒருவர். பிழைப்புக்குச் சினிமாவுக்கு இசை எழுதினார். அப்படிப்பட்ட காலத்தில்தான் வயலின் மேதை கிடோன் கிரேமர், டாக்ஸியில் சேர்ந்து போகும்போது, எனக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதித் தரலாமே என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 1980-இல் முடிந்த இந்தப் படைப்பு. மறு ஆண்டு வியன்னாவில் கிரேமரே வாசித்து அரங்கேற்றினார்.

அதற்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். 1747-இல் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக், ஜெர்மன் இசை மேதை பாக் கையில் ஒரு மெட்டைக் கொடுத்து இதை விரித்துக் காட்டும் என்றார். அந்த மெட்டைத்தான் குபைதுலினா எடுத்துக்கொள்கிறார். முதலில் கிட்டத்தட்ட முழுதாக ஒலிக்கிறது, கடைசிச் சுரம் மட்டும் இல்லை. அடுத்த முறை வரும்போது தலையில் ஒரு சுரமும் வாலில் ஒரு சுரமும் உதிர்ந்திருக்கின்றன. அடுத்த முறை இன்னும் ஒவ்வொன்று. இப்படித் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு சுரம் மிஞ்சுகிறது. தன்னையே கொடுத்துத் தீர்ந்துபோன மெட்டு. அதன் பிறகு, நெடுநேரம் கழித்து, ஒவ்வொரு சுரமாகச் சேர்ந்து மறுபடி எழுந்து வருகிறது. இந்த முறை பின்னிலிருந்து முன்னாக.

கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது நம் திருவாரூர்ச் சரக்கு! தியாகேசர் மேல் ஆனந்தபைரவியில் தீட்சிதர் பாடிய கிருதியை நினைத்துப் பாருங்கள். 'த்யாகராஜ யோக வைபவம்' என்று தொடங்கி, 'அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம்' என்று பசுவின் வால் போலச் சிறுத்து ஓர் எழுத்தில் வந்து நிற்கும். பிறகு 'சம், பிரகாசம், ஸ்வரூப பிரகாசம், தத்வ ஸ்வரூப பிரகாசம்' என்று ஆறு அகலமாவதாகப் பெருகும். கோபுச்ச யதி, ஸ்ரோதோவஹ யதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதேதான். தீட்சிதர் சாகித்யத்தின் எழுத்தில் செய்ததை அந்த அம்மாள் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவில், அரை மணிக்கு மேல் ஓடும் கட்டுமானத்தில் செய்கிறார். இரண்டிலும் கணக்கு இருக்கிறது, இரண்டிலும் சரணாகதி இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான ஓர் இசை மனத்தை நம் ஊர் இசைப் பிள்ளைகள் பெயரளவில்கூடக் கேள்விப்பட்டதில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதிலிருந்து ஒருவரைத் தொட்டு ஒருவராகக் கேட்க ஆரம்பித்தேன். எல்லோரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்போவதில்லை. சிலரை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது.

சீனாவின் சென் யி, 1953-இல் குவாங்ஜோவில் பிறந்தவர். கலாச்சாரப் புரட்சியின்போது கிராமத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டு, கல்லும் மண்ணும் சுமந்தார். வயலினையும் கூடவே கொண்டுபோயிருந்தார். அந்த ஊர் மக்களின் பேச்சும் பாட்டும் அங்கேதான் தன் காதுக்குள் புகுந்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1986-இல் பெய்ஜிங்கில் இசையமைப்பில் முதுகலைப் பட்டம் வாங்கினார். சீனாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். நடவுப் பாட்டும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரியாது.

பாகுவில் பிறந்த ஃபிராங்கிஸ் அலிசாதே, முகாம் என்னும் தன் ஊர் இசையை நான்கு தந்திக் கருவிகளுக்குள் கொண்டுவந்தவர். முகாம் நம் ராகத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது சட்டென்று பிடிபடும். தென்கொரியாவின் உன்சுக் சின், பாதிரியாரின் மகள். பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டவர், பின்பு ஹாம்பர்க் போய் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் பாடம் கேட்டார். 2004-இல் கிரோமேயர் விருதும், 2024-இல் எர்ன்ஸ்ட் வான் சீமென்ஸ் விருதும் அவருக்குக் கிடைத்தன. நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மினசோட்டாவில் வளர்ந்த சுருதி ராஜசேகர், கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் ஒருசேரக் கற்று இரண்டிலும் கால் ஊன்றி எழுதுகிறார். ரீனா எஸ்மாயில் இந்துஸ்தானி இசையை அமெரிக்கக் குழுப்பாடல்களுக்குள் கொண்டுபோகிறார்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் கேரலின் ஷா. எட்டுக் குரல்களுக்காக அவர் எழுதிய 'பார்ட்டிட்டா' 2013-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு 30 வயது. இசைக்கான அந்தப் பரிசை வாங்கியவர்களில் அவரே மிக இளையவர். அதுவரை வயலின் வாசிப்பவராகவும் பாடகியாகவும்தான் அவரைத் தெரியும். அந்த எட்டுக் குரல்களில் ஒரு குரல் அவருடையது. தன்னோடு பாடுகிறவர்களுக்காக, அவர்களோடு உட்கார்ந்து பாடிப் பார்த்தே எழுதினார். பேச்சு, முணுமுணுப்பு, பெருமூச்சு, தொண்டைக்குள் எழும் உறுமல் எல்லாம் அதற்குள் இசையாகின்றன. நம் மேடைப் பாடகிகள் தொடங்கக்கூடிய இடம் இதுதான். தன் குரலில் ஏறுவது எது, எந்தச் சொல்லில் மூச்சு திணறும் என்று பாடுகிறவளைவிட யாருக்குத் தெரியும்?

இவர்களெல்லாம் திறமையால் தானாக மேலே வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் 1903-இல் எதல் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய ஓபரா, அதாவது இசை நாடகம், மேடையேறியது. அடுத்து ஒரு பெண் எழுதிய ஓபரா அங்கே மேடையேறிய ஆண்டு 2016. நடுவில் 113 ஆண்டுகள். பின்லாந்தின் கையா சாரியாஹோ எழுதியது அது. கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு சீமாட்டியைப் பார்க்காமலே காதலித்து, கடைசியில் கடல் கடந்து வந்து அவள் கையில் உயிரை விடும் கவிஞனின் கதை. பதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த விரகம் நன்றாகப் புரியும். சாரியாஹோ 2023-இல் காலமாகிவிட்டார். வியன்னா அரசு ஓபராவோ, ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கிய முதல் முழு ஓபராவை அரங்கேற்றியது 2019-இல், ஓல்கா நாய்விர்த் எழுதியதை. அது அந்தக் கட்டடத்தின் 150-ஆவது ஆண்டு. இங்கிலாந்து அரண்மனையில் 17-ஆம் நூற்றாண்டு முதல் ஓர் ஆஸ்தான இசையமைப்பாளர் பதவி உண்டு. 2014-இல் ஜூடித் வியர் வரும்வரை அதில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. 2024 முதல் அந்தப் பதவியில் இருப்பவர் எரலின் வாலன், பெலீஸ் நாட்டில் பிறந்த கறுப்பினப் பெண்.

புலிட்சர் பரிசைப் பாருங்கள். இசைக்கு 1943 முதல் கொடுக்கிறார்கள். 1983-இல் எலன் டாஃப் ஸ்விலிக் தன் முதல் சிம்பொனிக்கு வாங்கினார், அவர்தான் முதல் பெண். 2012 வரை மொத்தமே நான்கு பெண்கள். 2013-லிருந்து பாருங்கள்: ஒன்றுவிட்டு ஒரு வருடம் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. கேரலின் ஷா, பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பாடிய ஜூலியா வுல்ஃப், ஷாங்காயில் பிறந்த டூ யுன், எலன் ரீட், தானியா லியோன், ரியானன் கிட்டன்ஸ் (இன்னொருவரோடு சேர்ந்து), 2025-இல் சூசி இபாரா. பெண்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டதா? அவர்களிடம் கேட்கிறவர்கள் வந்தார்கள். அதுதான் நான் பார்க்கும் காரணம்.

தானியா லியோன் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1943-இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், 1967-இல் அமெரிக்கா போனார். அமெரிக்கப் பெண்களுக்கு 1920-இல் ஓட்டுரிமை தந்தது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 19-ஆவது திருத்தம். அதன் நூற்றாண்டுக்காக நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு முடிவு செய்தது: 19 பெண்களிடம் 19 புதிய படைப்புகளைக் கேட்டு வாங்குவது. அப்படி வாங்கியவற்றில் ஒன்றுதான் லியோன் எழுதிய 'ஸ்ட்ரைட்'. 2020 பிப்ரவரியில் அரங்கேறியது, 2021-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு 78 வயது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த இசை பிறந்தே இருக்காது.

அவர்கள் இசைக்கு இது எவ்வளவு அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு எழுதினால், 80 பேர் உட்கார்ந்து வாசித்தால்தான் எழுதியவரே அதைக் காதால் கேட்க முடியும். ஆகவே யாராவது பணம் போட்டு, ஒத்திகை வைத்து, மேடை கொடுக்க வேண்டும். நமக்கோ ஒரு குரல், ஒரு தம்புரா போதும். வயலினும் மிருதங்கமும் சேர்ந்தால் அரங்கேற்றமே ஆயிற்று. அவர்களுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்குகூட நமக்கு ஆகாது. அப்படியிருந்தும் நாம் கேட்பதில்லை.

நம் பெண்கள் இயற்றாதவர்களா? டெல்டாவின் கடல்வாசலில் இருக்கும் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம்! மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறோம், மடியில் ஏந்திக்கொள்கிறோம். அந்த அம்மையார் தேவார மூவருக்கும் முன்னால் பதிகம் பாடியவர். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டுக்கும் நட்டபாடை, இந்தளம் என்று பண் குறித்திருக்கிறது. பண்ணோடு பதிகம் பாடும் வழியைப் போட்டுக்கொடுத்தவர் இந்த மண்ணின் பெண். தஞ்சை ரகுநாத நாயக்கர் அவையில் ராமபத்ராம்பாவும் மதுரவாணியும் காவியம் எழுதினார்கள். பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி. அந்த முத்துப்பழனியின் நூலைத் தேடிப் பிடித்து 1910-இல் முழுதாக அச்சிட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆங்கில அரசு அதைத் தடை செய்தது, 1947-இல்தான் தடை நீங்கியது.

நாகரத்தினம்மாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்கு செய்தவர். அப்படி எழுப்பிய பிறகும், ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே விழா நடத்தினார். பிரிந்திருந்த கோஷ்டிகள் 1940-ஐ ஒட்டி ஒன்றுசேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்றைக்குத் தை மாதம் காவிரிக் கரையில் பஞ்சரத்தினம் பாட உட்காருகிற ஒவ்வொரு பெண்ணும் அந்த அம்மாள் விட்டுச்சென்ற இடத்தில் உட்காருகிறாள். மேடை அவரால் கிடைத்தது. அந்த மேடையில் பெண் இயற்றியதைப் பாடும் வேலை நம் காலத்துக்கு மிச்சம் இருக்கிறது.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். 'உள்ளம் உருகுதையா' டெல்டாவில் ஒலிக்காத முருகன் கோயில் உண்டா? டி.எம்.சௌந்தரராஜன் குரலில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை இயற்றியவர் ஆண்டவன் பிச்சை என்று அறியப்பட்ட மரகதம் அம்மாள் (1899–1990), குடும்பத் தலைவி. எத்தனை பேருக்கு அது ஒரு பெண்ணின் பாட்டு என்று தெரியும்? மதுரை அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்கள் இன்றும் கச்சேரிகளில் உயிரோடு இருக்கின்றன. பெரிய வித்வான்கள் அவற்றை மெட்டமைத்துப் பாடியதுதான் காரணம். கல்யாணி வரதராஜன் 72 மேளகர்த்தாக்களிலும் கிருதிகள் செய்தார். முசிறி சுப்பிரமணிய ஐயரின் மாணவி சுகுணா புருஷோத்தமன் தாளத்தில் அபாரமானவர், உருப்படிகளும் இயற்றினார். உங்கள் கடந்த பத்து வருட நிகழ்ச்சி நிரல்களை எடுத்துப் புரட்டுங்கள். இந்தப் பெயர்கள் எத்தனை முறை வந்திருக்கின்றன?

இனி என் மனத்தில் கிடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவி ஒருத்தி, தலைஞாயிறு பக்கம் கடைமடைக் கிராமத்துப் பெண். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறாள். வேலை முடிந்து வகுப்புக்கு வருவாள். அவள் ரீதிகௌளையில் ஒரு கிருதி செய்தாள். 'கடைமடை காத்திருக்கக் காவிரி நீ வாராயோ' என்று பல்லவி. 'மடைதிறந்த சேதிகேட்டு மாதமொன்று ஆனதம்மா' என்று அனுபல்லவி. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அது கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் விதை நெல்லை வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி இருப்பார்களே, அந்தக் காத்திருப்புதான் பாட்டு. ரீதிகௌளை ராகத்தில் பஞ்சமம், அதாவது 'ப' சுரம், இறக்கத்தில் மட்டும்தான் வரும். அதையும் அவள் பல்லவியிலும் அனுபல்லவியிலும் தொடவே இல்லை. ராகத்தின் முகம் கெடாமல் அவ்வளவு தூரம் பஞ்சமம் இன்றி நடத்திக்கொண்டு போவது லேசான காரியமில்லை. கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒரு குறை, ஒரு வறட்சி தெரிந்துகொண்டே இருக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது. சரணத்தின் கடைசி அடியில் தண்ணீர் வருகிறது. அங்கே 'க ம ப ம க ரி ஸ' என்று முதல் முறையாகப் பஞ்சமத்தைத் தொட்டு இறக்குகிறாள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நம் பக்கத்து இசைவிழா ஒன்றில் இளம் கலைஞர் வரிசையில் அவளுக்கு அரை மணி கிடைத்தது. பாடப்போகும் பட்டியலை அனுப்பினாள். கமிட்டியிலிருந்து ஒருவர் போன் செய்து, "சொந்த உருப்படியெல்லாம் வேண்டாம்மா, பெரியவங்க பாட்டாவே பாடிடு, ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் நல்லபடியாகப் பாடிப் பெயர் வாங்கட்டும் என்றே சொன்னார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் வேறு கிருதி பாடிவிட்டு வந்தாள். கைதட்டலும் கிடைத்தது. அதற்கப்புறம் அவள் புதிதாக எதுவும் செய்யவில்லை. "எதுக்கு டீச்சர், யார் கேக்கப்போறாங்க?" என்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

ஜனங்கள் எழுந்து போவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆகவே புது உருப்படியைக் கடைசியில், தனி ஆவர்த்தனம் முடிந்து பாதிக் கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்தில் துக்கடாவாகத் தள்ளாதீர்கள். வர்ணத்துக்கு அடுத்து, காது புதிதாக இருக்கும்போது வையுங்கள். பாடுவதற்கு முன் இரண்டு நிமிடம், இயற்றியவளே எழுந்து இது எப்படி வந்தது என்று சொல்லட்டும். கடைமடைக்காரர்கள் நிறைந்த சபையில் காவிரி வரவில்லையே என்று ஒரு பெண் பாடும்போது யார் எழுந்து போவார்கள்?

இயற்றுவது அருள், அதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா, தியாகராஜர் அரசவைக்கே போகவில்லையே என்று சிலர் கேட்பீர்கள். தியாகராஜர் போகவில்லை, உண்மை. ஆனால் அவர் பாடப் பாட எழுதி வைத்துக் காப்பாற்றச் சீடர்கள் இருந்தார்கள். வாலாஜாபேட்டைச் சீடர்கள் இல்லாமல் இத்தனை கிருதிகள் நமக்கு வந்திருக்காது. உஞ்சவிருத்தி அரிசியை உலையில் போட வீட்டில் ஒருவர் இருந்தார். பில் கவுண்டரில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டுக்கும் சமைத்துப் போடுகிற பெண்ணுக்கு அந்த ஆதரவு எங்கே இருக்கிறது? அதே தஞ்சையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் சரபோஜி அவையின் ஆதரவில்தான் வர்ணங்களும் தில்லானாக்களும் செய்தார்கள். அவற்றில் அருள் குறைந்தா போயிற்று?

வாங்கும் எல்லாமே நன்றாக இருக்குமா? இருக்காது. பல மறந்துபோகும். தான் செய்ததைத் தேர்ந்த பாடகர் ஒருவர் பக்கவாத்தியத்தோடு பாடுவதைக் கேட்டால்தான், எங்கே சாகித்யம் இடறுகிறது, எங்கே எடுப்பு சரியாக உட்காரவில்லை என்று இயற்றியவளுக்கே தெரியும். இரண்டாவது உருப்படி அதனால் தேறும்.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அயல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள் சில சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டு ஒரே படைப்பைக் கேட்டு வாங்குவது உண்டு. செலவும் குறையும், ஆளுக்கொரு தடவை வாசிப்பதால் படைப்பும் நிலைக்கும். காரைக்கால், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று நான்கு ஊர்ச் சபாக்கள் சேர்ந்து ஒரு பெண்ணிடம் கேட்டால் ஒவ்வொரு சபாவுக்கும் ஆவது ஒரு பொன்னாடை, மாலைச் செலவுக்குள் முடியும். அவளுடைய பாட்டு ஒரே பருவத்தில் நான்கு ஊரில் ஒலிக்கும். விழா மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை எடுத்து, அந்த உருப்படியைச் சுரப்படுத்தி, இயற்றியவர் பெயரோடு அச்சிடுங்கள். மலர் கையில் கிடைத்த ஆசிரியர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தால் அது பாடாந்தரத்தில் ஏறிவிடும். போட்டி நடத்தும் சபாக்கள் பாட்டு, வீணை, வயலின் என்பதோடு சொந்த உருப்படி என்று ஒரு பிரிவையும் சேருங்கள்.

யாரிடம் கேட்பது என்று தயங்க வேண்டாம். அரசு இசைப் பள்ளிகளிலும் திருவையாறு இசைக் கல்லூரியிலும் படித்துவிட்டு வந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பள்ளிகளில் பாட்டு டீச்சராக, ஓதுவாராக, பஜனை மடத்தில் பாடுகிறவராக, என் மாணவி மாதிரி ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால். விசாரித்தாலே நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள்.

ஒரு கிருதி உருவாகிப் பாடம் ஆக ஐந்தாறு மாதமாவது வேண்டும். ஆடிப்பெருக்குக்கு முன்னால் கடிதம் போட்டால் தை மாத விழாவுக்கு உருப்படி தயாராகிவிடும். ஒத்திகைக்கு இடம் இல்லை என்றால் எங்கள் வீட்டுக் கூடம் இருக்கிறது. சுரப்படுத்தி எழுத ஆள் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். நீங்கள் வாங்கும் முதல் உருப்படியை என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாடம் சொல்லிவைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டு டீச்சர்